ஆர்மோனியம் ஆர்கனாக மாறிய இடம்

1

இந்தக் கதையை முதலில் குமணன்சாவடி டீக்கடை ஒன்றில் வாயால் சொன்னேன். கேட்ட மூன்று பேரும் சிரித்தார்கள், ஒருவருக்குப் புரையேறியது. வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: நான் சொன்ன கதையில் நான் இல்லை. நடந்த இடத்தில் இருந்தேன். ஆகவே இப்போது எழுதுகிறேன். என்னைச் சேர்த்தால் கதை கொஞ்சம் கெடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரி, முதல் முயற்சி: “1991ஆம் ஆண்டு, சேக்காட்டின் மீது மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை—”

சேக்காட்டில் வெயில் மற்ற ஊர்களைப் போலத்தான் அடிக்கிறது. நானும் அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: “எங்கள் சபையில் இரண்டு கட்சிகள் இருந்தன.” இது உண்மை. இருக்கட்டும்.

2

சர்ச் கமிட்டியின் செயலாளர் சத்தியராஜ் ஆர்கன் கட்சி. அவருடைய மருமகன் மஸ்கட்டிலிருந்து ஒரு எஃப்.எம். சிந்தசைசர் கொண்டுவந்து சபைக்குக் கொடுத்திருந்தார்; பட்டனை மாற்றினால் எந்த வாத்தியம்போலவும் ஒலிக்கும் மின்சாரப் பெட்டி. வெள்ளைக்காரன் கோயிலில் கேட்பதுபோல் ஆர்கன் முழங்க வேண்டும் என்பது சத்தியராஜின் ஆசை. பொருளாளர் பிரகாசம் ஆர்மோனியக் கட்சி. கீர்த்தனைக்கு ஆர்மோனியம்தான், பெட்டி புதிதானாலும் சத்தம் பழையதாக இருக்க வேண்டும் என்பார். இருவரும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. சமாதானத்தைப் பற்றி மட்டும் தனித்தனியே ஜெபித்தார்கள்.

வாசித்தவள் ஞானகுமாரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் வேலை. பதினாறு வயதிலிருந்து சபையில் வாசிக்கிறாள். அவள் விழிகளில் சொல்லப்படாத ஏதோ ஒரு— இல்லை. அந்த மாதம் அவள் விழிகளில் இருந்தது மெட்ராஸ் ஐ.

ஆர்மோனியம் வாசித்தால் சத்தியராஜ் இருமுவார். ஆர்கன் வாசித்தால் பிரகாசம் வெளியே போய் நிற்பார். இருமலுக்கும் நடைக்கும் நடுவில் ஞானகுமாரி ஒரு யோசனை செய்தாள்.

3

இங்கே கன்னியப்பன் வருகிறான். அவனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்: அவன் வந்ததும் நீங்கள் காதலை எதிர்பார்ப்பீர்கள். அவனுக்குத் தாயம்மா என்ற மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. அப்பா அம்மா கோவில்பதாகைப் பக்கம் நாற்று நட்டவர்கள்; இவன் எஸ்டேட் அருகே ஒரு மையத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தான். ஞானகுமாரியோடு ஒரே பஸ்ஸில் போவான். அவ்வளவுதான்.

“ஆர்மோனியத்துல ஆரம்பிச்சி ஆர்கன்ல முடியணும், யாருக்கும் தெரியக்கூடாது. முடியுமா கன்னியப்பா?”

“அத்த அதுவே பண்ணிக்கும்க்கா. இந்தப் பொட்டிக்குள்ள ஆறு அலை கீது. ஒண்ணு இன்னொண்ண உலுக்கும். எவ்ளோ உலுக்குதுன்றதுக்கு நம்பரு. ஆர்மோனியத்துக்கு ஒரு நம்பரு, ஆர்கனுக்கு ஒரு நம்பரு. நடுவுல கீற நம்பரெல்லாம் கம்ப்யூட்டரு போட்டுகினே போவும். நீ பாட்டுக்கு வாசி.”

“நடுவுல இன்னா சத்தம் வரும்?”

“அது எனுக்கும் தெரியாது. நடு நம்பரு போட்டா நடு சத்தம் வரும்னு இல்ல. வேற எங்கயாச்சும் போய்ட்டு வரும்.”

[குறிப்பு: எஃப்.எம். முறையில் இது உண்மை. இரண்டு நல்ல சத்தங்களுக்கு நடுவில் ஒரு பித்தளைத் தட்டு விழுந்து உருளலாம். கமிட்டிகளிலும் அப்படித்தான்.]

4

கன்னியப்பன் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பெட்டியோடு ஒயரில் மாட்டிவிட்டுப் போனான். ஒரு சனிக்கிழமை காலை ஞானகுமாரி கமிட்டிக்கு வாசித்துக் காட்டினாள். போதகர் தலைமை. நாங்கள் ஐந்து உறுப்பினர்கள். ஐந்தாவது நான். மற்றவர்கள் பேசினால் தலையாட்டுவது என் பொறுப்பு.

“கண்ண மூடிக்குங்க. ஆர்மோனியம் ஆர்கனா மாறுற எடத்துல கை தூக்குங்க,” என்றாள்.

பிரகாசம் அவள் வாசிக்கத் தொடங்கும் முன்பே தூக்கினார். “ஆரம்பமே ஆர்கன்தான்.” சத்தியராஜ் கடைசிவரை தூக்கவில்லை. “ஆர்கன் எங்கம்மா வந்துச்சி?” போதகர் இரண்டு கைகளையும் தூக்கினார், பழக்க தோஷம். மீதி இரண்டு பேர் நடுவில் எங்கோ தூக்கினார்கள். நான் அரைக்கண் திறந்து, அவர்களைப் பார்த்துத் தூக்கினேன்.

நாலாவது நிமிடத்தில் ஒரு சத்தம் வந்தது. ஈரக் கண்ணாடி டம்ளரின் விளிம்பில் விரல் ஓடுவது போல. அதை நான் சரியாக எழுத முயன்று பதினோரு வாக்கியங்கள் எழுதினேன், பத்து போயின. பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த சாராள் துணியோடு அப்படியே நின்றாள்.

“ஞானம், அத்த மாத்தாத. அங்கியே உடு,” என்றாள்.

5

மறுநாள் ஆராதனையில், காணிக்கை எடுக்கும் நேரத்தில், ஞானகுமாரி கம்ப்யூட்டரை அந்த நாலாவது நிமிடத்திலேயே நிறுத்திவைத்து வாசித்தாள். யாரும் இருமவில்லை. யாரும் வெளியே போகவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காணிக்கைத் தட்டு என்னைத் தாண்டிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அன்று மாலை கமிட்டி கூடியது. சத்தியராஜும் பிரகாசமும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். சமாதானம் கேட்டு ஜெபித்தவர்களுக்கு அது இப்படித்தான் வாய்த்தது.

“அது ஆர்மோனியமும் இல்ல,” என்றார் சத்தியராஜ்.

“ஆர்கனும் இல்ல,” என்றார் பிரகாசம்.

“யாரு அந்தக் கன்னியப்பன்? எந்த சபை?” என்றார் சத்தியராஜ்.

“எந்த சபையும் இல்லீங்க. கணக்கு தெரிஞ்சவரு,” என்றாள் ஞானகுமாரி.

“வெளியாளோட மிஷின ஆல்டர் பக்கம் கொண்டாந்தது தப்புன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. இனிமே ஆர்மோனியம், ஆர்கன்னு ரெண்டே பட்டன்தான், ஆளுக்கு ஒரு வாரம்,” என்றார் பிரகாசம்.

ஞானகுமாரி எழுந்து நின்றாள். “சத்தம் புடிக்கலன்னா சொல்லுங்க, எடுத்துடறேன். ஒரு பட்டன்னாலும் வாசிக்கிறேன். அந்த மனுசன் வந்தது தப்புன்னு மட்டும் எழுத மாட்டேன்.”

வாசிப்பிலிருந்து அவளை நிறுத்துவதா என்று ஓட்டுக்கு விட்டார்கள். சத்தியராஜும் பிரகாசமும் ஆம். மற்ற இருவர் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டீக்கடையில் நான் விட்டுவிட்ட பகுதி இதுதான். நிறுத்தலாம் என்று கை தூக்கினேன். அன்று என் கண்கள் நன்றாகத் திறந்தே இருந்தன.

6

முடிவு, முதல் வகை: கிறிஸ்துமஸ் அன்று சிந்தசைசர் ஊமையாகிறது, கமிட்டி அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. எழுதச் சுகமாக இருந்தது. ஆனால் அந்த வருடம் பெட்டி நன்றாகவே பாடியது.

இரண்டாம் வகை: அவள் கோடம்பாக்கம் போய்ப் பேர் வாங்குகிறாள். உங்களைவிட எனக்குத்தான் இது பிடித்திருந்தது. அப்படியானால் நான் தூக்கிய கை அவளுக்குச் செய்த உதவியாகிவிடும் அல்லவா? கிழித்துவிட்டேன்.

நடந்தது: புதிதாக ஒருவர் வாசிக்க வந்தார். மூன்றாம் வாரமே இருமலும் நடையும் திரும்பின. கன்னியப்பன் வந்து தன் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். ஞானகுமாரி வேறு சபைக்குப் போனாள். அங்கே வாசிக்கவில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

1997இல் ஆவடி ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். அவளே வந்து பேசினாள்.

“சாராளக்கா எப்பிடி கீறாங்கண்ணே?”

“நல்லா இருக்காங்கம்மா. ஒன்ன விசாரிப்பாங்க.” பிறகு எப்படியோ ஆரம்பித்தேன். “ஞானம், அன்னிக்குக் கமிட்டில நான்...”

அவள் என்னை நேராகப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். சத்தம் எதுவும் குறுக்கே வரவில்லை; தெளிவாகக் கேட்டது. பிறகு வண்டி ஏறிப் போனாள்.

அந்த வாக்கியத்தை ஐந்து முறை எழுதிப் பார்த்தேன். ஐந்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறி, ஏதோ ஓரிடத்தில் நான் நல்லவனாகிவிடுகிறேன். எந்த இடத்தில் என்று எனக்கே பிடிபடவில்லை. ஆகவே இடம் விட்டிருக்கிறேன்:

ஞானகுமாரி சொன்னாள்: “                    ”

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளை நீங்கள் பார்த்ததில்லை. என்னைவிட நியாயமாக எழுதுவீர்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் சார்பில் என்னை மன்னித்துவிடாதீர்கள்.