எழுந்து நிற்காத சிவசம்பு

1986ஆம் ஆண்டிலிருந்து, போக்கர் மேசையில் முன்னால் இருக்கும் பந்தயச் சிப்புகள் குறையக் குறைய சிவசம்புவும் குள்ளமானார். ரயில்வேயில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக் கிளப்பில் மாதம் ஒரு ஞாயிறு பகலில் போக்கர் போட்டி நடக்கும். எல்லாருக்கும் ஒரே அளவு சிப்பு கொடுத்துத் தொடங்குவார்கள். அப்போது அவர் முழு ஆறடிக்குத் திரும்பிவிடுவார். கடைசியாக எவ்வளவு சிப்பு வைத்துத் தோற்றாரோ, அந்த உயரத்தோடுதான் அடுத்த போட்டிவரை நடமாடுவார்.

ஆட்டம் தெரியாதவர் அல்லர். சிப்பு குறைந்தவன் காத்திருக்கக் கூடாது, சுமாரான சீட்டு வந்ததும் மொத்தத்தையும் வைத்துவிட வேண்டும், அப்போதுதான் பெரிய குவியல்காரன் கொஞ்சமாவது யோசிப்பான் என்று பிறருக்குச் சொல்லுவார். ஆனால் அந்தக் கிளப்பில் மொத்தத்தையும் வைப்பவர் எழுந்து நின்று தள்ள வேண்டும் என்பது வழக்கம். உட்கார்ந்திருக்கும்வரை அடியில் டெலிபோன் புத்தகங்களை அடுக்கிச் சமாளிக்கலாம். எழுந்தால் தலை மேசைக்குக் கீழே போய்விடும். வெட்கப்பட்டு நல்ல சீட்டையெல்லாம் ஆடாமலே கவிழ்த்தார். சுற்றுக்குச் சுற்று வைக்கவேண்டிய கட்டாயப் பந்தயம் அவரைத் தின்றது. நான்கு ஆண்டுகளில் அவர் அலமாரியில் பதினோரு அளவுகளில் கால்சட்டைகள் தொங்கின.

1990இல், மகள் கனகேஸ்வரியின் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், மேசை உயரத்தில் கிளப்புக்கு வந்து சேர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே எழுந்து மொத்தத்தையும் வைத்திருந்தால், தோற்றாலும் ஆறடியோடு மணவறைக்குப் போயிருக்கலாம். முதல் ஆளாக வெளியேறுவது இன்னும் வெட்கம் என்று உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு நாலே சிப்பு மிஞ்சியது. எதிரே கிள்ளான் லோரி முதலாளி தம்புசாமியின் குவியல் அவர் முகத்தை மறைத்தது.

"புத்தகம் போதுமா அங்கிள்? இன்னொன்னு எடுத்துத் தரவா லா?" என்றார் தம்புசாமி. மேசையே சிரித்தது.

அழைத்துப்போக வந்த கனகேஸ்வரி பின்னால் நின்று அவர் சீட்டைப் பார்த்தாள். இரண்டு ராஜாக்கள். மொத்தத்தையும் வைக்கத் தகுந்த சீட்டு.

"எழும்புங்கோ அப்பா," என்று காதில் சொன்னாள்.

"எல்லாரும் பார்ப்பினம் பிள்ளை."

ராஜாக்களைக் கவிழ்த்தார். அடுத்த சுற்றுகளில் மூன்று சிப்பு போக, கடைசிச் சிப்பும் கட்டாயப் பந்தயமாகப் போனது. அதற்கு எழ வேண்டியதில்லை. தம்புசாமி, "ஒன்னுதானே" என்று தம் சீட்டைப் பார்க்காமலே ஆடி அதையும் எடுத்துக்கொண்டார். சிவசம்பு ஒரு சாண் ஆனார்.

வெள்ளிக்கிழமை கனகேஸ்வரி அவரைத் தாம்பாளத்தில் வைத்து மணவறைக்குக் கொண்டுவந்தாள். ஐயர் தேங்காயைச் சற்றுத் தள்ளிவைத்து அவருக்கு இடம் விட்டார். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. தாரை வார்க்கும் நேரம் வந்ததும், சிவசம்பு முகத்தை நிமிர்த்தாமல் மகளின் சுண்டுவிரலைப் பிடித்தார். அதுதான் அவர் கைக்குள் அடங்கியது. அதை மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். ஐயர் அது போதும் என்றார்.