பிரேக் விளக்கு

மகளின் பள்ளியில் நடந்த அப்பாக்கள் ஓட்டப் பந்தயத்தில் டிரைவர்தான் முதல் ஆள், அதாவது முதலில் விழுந்த ஆள். ஐம்பதை நெருங்கும் வயதில் வலது குதிகாலில் தசைநார் பட்டென்று அறுந்துபோக, டாக்டர்கள் கிழித்துத் தைத்தார்கள். மாதக்கணக்கில் படுத்தெழுந்தவர், நாளை அதிகாரி முன்னால் பஸ்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

இருண்ட ஷெட்டில் நின்ற பஸ்ஸுக்குப் பின்னால் கண்டக்டர் போய் நின்றார். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார்.

“மாப்ளே, விளக்கு எரியுதா?”

“பங்காளி வயிறு மாதிரி எரியுது மாமா!”

டிரைவர் சிரித்துவிட்டார்.

“விட்டுவிட்டு எரியலையே?”

“சேச்சே! நின்னு எரியுது.”

பக்கக் கண்ணாடியில் கண்டக்டர் தெரிந்தார். அவருடைய வெளுத்த சட்டையில் சிவப்பு வெளிச்சம் வந்து வந்து போனது. மிதித்த கால் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டரோ சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் காலை நம்பி ஒரு பஸ் ஜனம் உட்கார வேண்டும். டிரைவர் மெல்லக் காலை எடுத்துவிட்டுச் சாவியை உருவினார்.

“இன்னும் நல்லா எரியுது மாமா,” என்றார் கண்டக்டர், இருட்டில் நின்றபடி.