நட்டவள் பெயர்

குளத்தூரில் ஒரு ஏக்கரைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து செல்லபாய் ஏத்தன் வாழை போடத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. நிலம் சுனில்குமாருடையது. அவர் நெய்யாற்றின்கரையில் கான்ட்ராக்டர். விளைக்குள், அந்த வாழைத் தோட்டத்துக்குள், அவர் கால் வைத்ததே குறைவு.

மே மாதக் காற்றில் பாதி வாழை சாய்ந்தது. நஷ்டஈட்டுக்கு எழுதிக் கொடுக்க அவள் புறப்பட்டபோது சுனில்குமாரின் கார் வந்து நின்றது.

“நான் என் பேருல எழுதிக் குடுத்தாச்சு செல்லபாயி. நாளைக்கு கிருஷி பவன்ல இருந்து ஆளு வரும். நீ விளைப் பக்கம் வரண்டாம்.”

“நட்டது நானாக்கும் மொதலாளி.”

“கேட்டா கூலிக்கு நிக்கேன்னு சொன்னா போரும்.” அவர் குரலை உயர்த்தவில்லை. “வீட்டுல நீயும் மகளும் மட்டும்தானே.”

மறுநாள் காலை அவள் விளைக்குப் போனாள். கிருஷி பவனின் வேளாண் அதிகாரி ஜிஜா ஸ்கூட்டரில் வந்திருந்தாள். சாய்ந்த வாழைகளின் நடுவே சுனில்குமார் அவள் போனில் போட்டோவுக்கு நின்றார்.

“எந்த மாசம் நட்டது?” ஜிஜா கேட்டாள்.

அவர் யோசித்தார்.

“ஆவணி கடைசியில மேடம்,” என்றாள் செல்லபாய். “பாட்டத்துக்கு எடுத்து நட்டது நானாக்கும். எலியா அண்ணனுக்குத் தெரியும்.”

பக்கத்து விளையில் நின்ற எலியா தயங்கித் தலையசைத்தார்.

ஜிஜா போனைத் தாழ்த்தினாள். “அப்போ மூணு வருஷத்துக்க மானியம் சேச்சிக்குக் கிட்டியில்லே?”

“எந்த மானியம்?”

ஜிஜா சுனில்குமாரைத் திரும்பிப் பார்த்தாள்; அத்தனையும் அவர் பெயரில் போயிருந்தது. ஜிஜா ஒரு புகார் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். “சரி செல்லபாயி,” என்று மட்டும் சொல்லிவிட்டு சுனில்குமார் காருக்குப் போனார்.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய மகள் சோனாவின் முகம் வெளிறியிருந்தது.

“அம்மே, காலேஜ் வாசல்ல மொதலாளிக்க காரு நின்னுது. ஏறுன்னாரு. நான் ஏறல்ல.”

“பின்னே?”

“ஒண்ணும் சொல்லல்ல. பஸ்ஸுக்குப் பொறத்தால ஜங்ஷன் வரைக்கும் வந்தாரு.”

அன்றே அவளைக் காரோடு ஊரிலிருக்கும் தங்கை ஷீஜா வீட்டுக்கு அனுப்பினாள் செல்லபாய்.

“அம்மையும் வா.”

“மறுபடி விசாரணைக்கு வருவாங்க மக்கா. நட்டவ இங்க நிக்கணும்.”

அதன்பிறகு எலியா அவளைக் கண்டால் வேறு வழியில் போனார். வழக்கமாக வரும் கூலிக்காரிகள் வரவில்லை. தனியாளாக மிச்ச வாழைகளுக்கு முட்டுக் கொடுத்தாள். ரோட்டில் கார் சத்தம் கேட்டால் கை தானாக நின்றுவிடும்.

பன்னிரண்டாம் நாள் அவள் விளையில் நிற்கும்போது ஜிஜா போனில் கூப்பிட்டாள். சுனில்குமாருக்குப் போகும் மானியத்தை நிறுத்தியாயிற்று, நஷ்டஈடு செல்லபாய் பெயருக்கே வரும் என்றாள். செல்லபாய் வாழைத்தடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

எழுந்து முகம் துடைத்தபோது விளையின் மறு ஓரத்தில் ஒரு ஜேசிபி நின்றது. முன் பின் கண்டிராத மூன்று பேர் இறங்கி வேலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் போனை எடுத்தாள். ஜிஜாவின் நம்பரை அழுத்தினாள்.

“மேடம், வேலியைப் பிடுங்குதாங்க. இப்போ வர ஒக்குமா?”

அந்தப் பக்கம் ஜிஜா கேட்டது எஞ்சின் சத்தத்தில் அவளுக்கு விளங்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே வாழைகளுக்கு முன்னால் போய் நின்றாள்.