இருதயராஜின் குறட்டைக்கு ஒரு சாட்சி

இருதயராஜைப் பார்த்தாலே ரத்னவேலுக்கு வயிறு எரியும். இன்று நேற்று வந்த எரிச்சல் இல்லை, நாற்பது வருஷத்து எரிச்சல். இருதயராஜுக்குச் சிங்கப்பூரின் தோ பாயோவில் ஐந்தறை வீடு, ராணுவத்தில் வாரண்ட் ஆபீசராக ஓய்வு, அறுபத்து மூன்று வயதிலும் உதிராத முடி. ரத்னவேலுக்கு புக்கிட் மேராவில் மூவறை வீடு, ஒரு காண்டோ அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி வேலை. முடியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. இத்தனை எரிச்சலோடு எதற்காக மாதம் ஒருமுறை தேக்காவில் ஒரு தேநீர்க் கடைக்குப் போய் அந்த மனுஷரோடு தே குடிக்க வேண்டும் என்று மனைவி கேட்பாள். பொறாமைப்படவாவது ஆளை நேரில் பார்க்க வேண்டாமா?

வீடும் பதவியும் முடியும்கூடப் பெரிதில்லை. ரத்னவேல் உள்ளுக்குள் புழுங்கியதெல்லாம் அந்த ஆளின் தூக்கத்தை நினைத்துத்தான். இருதயராஜ் பஸ்ஸில் தூங்குவார், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் தூங்குவார், சொந்த மகளின் கல்யாண விருந்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கினார். ரத்னவேலோ படுத்தால் இரண்டு மணி நேரம், அதோடு சரி. மாத்திரையும் தின்று பார்த்தாயிற்று, சுடுபாலும் குடித்துப் பார்த்தாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தே வந்ததும் இருதயராஜ் ஒரு தாளை மேஜைமேல் வைத்தார்.

"ஆஸ்பத்திரில ஒரு நாள் படுக்க வச்சு டெஸ்ட் எடுத்தாங்கடா. தூக்கத்துல எனக்கு மூச்சு நிக்குதாம். மணிக்கு நாப்பது தடவை. இப்படியே விட்டா ஹார்ட்டுக்கு ஆபத்துங்கிறாரு டாக்டர். மூக்குல மாஸ்க் மாட்டிக் காத்தடிக்கிற மெஷின் ஒண்ணு வேணுமாம்."

"வேணும்னா வாங்கிக்க."

"பழைய ராணுவ ஆளுங்களுக்கு மருத்துவ உதவி இருக்குலா. மெஷின், மாஸ்க், செக்கப் எல்லாம் அவங்களே குடுத்துருவாங்க. ஆனா சர்வீஸ்ல இருக்கறப்பவே இந்தப் பிரச்சினை இருந்துச்சுன்னு பாத்த ஆள் ஒருத்தர் சொல்லணும்."

ரத்னவேல் தே கிளாஸைக் கீழே வைத்தார். ஏற்கெனவே கட்டை மாதிரி தூங்குகிறவனுக்கு, இன்னும் நன்றாகத் தூங்க ஒரு மெஷின்! அதுவும் சும்மா! அதற்குச் சாட்சி சொல்ல, தூக்கத்தையே காணாத இவர்!

"வேற ஆள் கிடைக்கலையா?"

"அந்த ரூம்ல இருந்தவங்கள்ல நீ மட்டும்தான்டா மிச்சம்."

அது உண்மைதான். இருபது வயதில் இரண்டு பேரும் ஒன்றாக ராணுவத்தில் சேர்ந்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டிய 'பட்டி' என்ற ஜோடியாக அவர்களைச் சேர்த்து விட்டார்கள். முதல் வாரத்திலேயே ரத்னவேல் கண்டுபிடித்துவிட்டார். இருதயராஜின் குறட்டை ஏறிக்கொண்டே போகும், திடீரென்று நின்றுவிடும். குறட்டை மட்டுமில்லை, மூச்சும். ஆள் செத்துவிட்டான் என்று முதல் தடவை அலறப் பார்த்தார். கையை நீட்டி உலுக்கியதும் மூச்சு திரும்பி வந்தது. அன்று தொடங்கிப் பதினான்கு மாதம், இருதயராஜ் தூங்கினார், ரத்னவேல் உலுக்கினார்.

பிறகு ஒரு மத்தியானம், கிடங்குக் காவலில் நின்றிருந்த ரத்னவேல் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணயர்ந்துபோனார். ராத்திரியெல்லாம் விழித்திருந்து இருதயராஜை உலுக்கியதை விசாரணையில் சொல்லிப் பார்த்தார். இருதயராஜைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார், ராத்திரியெல்லாம் அவன் நல்லாத் தூங்குவான்" என்று இருதயராஜ் நிமிர்ந்து நின்று சொன்னார். ரத்னவேலுக்குப் பதினான்கு நாள் தடுப்புக் காவல். அதோடு வேலையும் போயிற்று.

அதற்காக ரத்னவேல் அவரைக் குறை சொன்னதே இல்லை. தூங்குகிறவனுக்கு என்ன தெரியும்? பக்கத்தில் ஒருத்தன் தனக்காக விழித்துக் கிடக்கிறான் என்பதுகூடத் தெரியாமல் தூங்கக் கொடுத்து வைத்த பிறவி. அதை நினைத்துத்தான் நாற்பது வருஷமாக வயிறு எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தே குடித்து முடித்து "பாக்கலாம்" என்று எழுந்து வந்த ரத்னவேல், மூன்று நாள் போனை எடுக்கவில்லை. அது ஒரு தனிச் சுகம். வாரண்ட் ஆபீசர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், செக்யூரிட்டி எடுக்க மாட்டேன் என்கிறார். நான்காவது நாள் அந்தச் சுகமும் சலித்தது. ஆள் உண்மையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் யாரைப் பார்த்து எரிவது? போனை எடுத்து "வரேன்" என்றார்.

பழைய ராணுவத்தினருக்கான உதவி அலுவலகத்தில் பவித்ரா என்ற பெண் இருவரையும் எதிரில் உட்கார வைத்து, ரத்னவேல் சொல்லச் சொல்லக் கணினியில் தட்டினாள். அச்செடுத்துப் படித்தும் காட்டினாள். "பதினான்கு மாதங்களும் இரவில் நான் விழித்திருந்து, மூச்சு நின்றபோதெல்லாம் அவரை உலுக்கி எழுப்பினேன்."

"அந்த வரி மட்டும் வேணாமே" என்றார் இருதயராஜ்.

"அதை எடுத்துட்டா இது சாட்சியே இல்ல அங்கிள். முழிச்சிருந்து பாத்தாருன்னாத்தானே செல்லும்?"

ரத்னவேல் திரும்பிப் பார்த்தார். இருதயராஜின் முகத்தில் வியப்பே இல்லை. தனக்காக ஒருத்தன் பதினான்கு மாதம் விழித்துக் கிடந்தான் என்று இப்போதுதான் கேட்கிற முகமா அது?

"உனக்குத் தெரியுமாடா?"

இருதயராஜ் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ உலுக்குறப்பல்லாம் முழிச்சிருவேன். கண்ணைத் திறக்காமப் படுத்திருப்பேன். அன்னிக்கு விசாரணைல ஆமான்னு சொல்லியிருந்தா, மூச்சு நிக்கிறவன்னு என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பாங்க. வீட்ல தங்கச்சிங்க நாலு பேருடா."

கையெழுத்துக்காக எடுத்த பேனாவை ரத்னவேல் பார்த்தார். அந்த ஐந்தறை வீடு, அந்தப் பதவி, பஸ்ஸிலும் பூசையிலும் வந்த அந்தத் தூக்கம். கொடுத்து வைத்தவன் என்றுதானே இத்தனை காலம் நினைத்தார். கொடுத்தது யார் என்று இப்போதுதான் தெரிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனால் போதும். மெஷினும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படியே செய்துவிடலாமா என்று அவர் நினைத்தது நிஜம்.

தாளை இழுத்து இன்னொரு தடவை படித்தார். பொய் ஒன்றும் இல்லை. ஒரு வரியும் விடாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

இருதயராஜ் அவர் கையைப் பிடிக்க வந்தார். ரத்னவேல் கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு இதுல ஒரு காப்பி வேணும்மா, சீல் வச்சு."

"மெஷின் அவருக்குத்தானே அங்கிள், உங்களுக்கு எதுக்குக் காப்பி?"

"நான் முழிச்சிருந்தேன்னு கவர்மெண்ட் பேப்பர்ல வேற எங்கயும் இல்லம்மா."