அர்தியாலா, எர்தேயா?

பன்றி வெட்டிய அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கவ்ரிலாவுக்கு இந்தத் தலைவலியே வந்திருக்காது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருஷா வருஷம் நடக்கிற விருந்துதான். மேசை நிறைய வறுத்த கறி, ப்ளம் சாராயம், சுற்றிலும் அவன் தம்பிகள். மூன்றாவது கோப்பை உள்ளே போனதும் கடைசித் தம்பிக்கு அறிவு பொங்கிவிட்டது. அர்தியால் என்ற பேர் எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்தான்.

ஒருகாலத்தில் ஹங்கேரியின் பகுதியாக இருந்து பிறகு ருமேனியாவோடு சேர்ந்த, வெளியுலகம் திரான்சில்வேனியா என்று சொல்கிற மண் அது. ருமேனியர்கள் அர்தியால் என்பார்கள். ஹங்கேரியர்கள் எர்தேய் என்பார்கள். ஹங்கேரிய மொழியில் அதற்குக் காட்டுக்கு அப்பால் என்று பொருள். கவ்ரிலா ருமேனியன். அவன் மனைவி பிரோஷ்கா ஹங்கேரிய வீட்டுப் பெண். கல்யாணமாகி, பிள்ளைகள் தலையெடுத்து வெளியூருக்குப் போய், இருவருக்கும் தலையும் நரைத்தாயிற்று. இத்தனை காலமும் அவன் அவன் பேரைச் சொன்னான், அவள் அவள் பேரைச் சொன்னாள். சூப்பில் உப்பு கூடிப்போனதற்காக முட்டிக்கொண்டதுண்டு, இதற்காக ஒருநாளும் இல்லை.

"எங்க எர்தேய்தான் உங்க வாயில அர்தியால் ஆச்சு. பள்ளிக்கூடத்து வாத்தியாரே சொல்லுவாரே," என்றாள் பிரோஷ்கா, தொத்திறைச்சிக்காகப் பன்றிக் குடலுக்குள் கறியைத் திணித்தபடி.

"அட போ! எங்ககிட்ட கேட்டுத்தான் உங்க ஆளுங்க கத்துக்கிட்டாங்க," என்றான் கவ்ரிலா.

"எங்க பேர்ல காடு இருக்கு. உன் பேர்ல காடு எங்கய்யா இருக்கு? காட்டு பாப்போம்."

தம்பிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது கவ்ரிலாவுக்குப் பொறுக்கவில்லை. நாக்கில் சனி ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அவ்வளவு பெருமையா இருந்தா உன் ஊருக்கே போயேன்!"

மேசையில் சிரிப்பு நின்றது. பிரோஷ்கா பிறந்த வீடு தெருமுனைக் கிணற்றை ஒட்டி இருந்தது. அவளுடைய அப்பா அம்மாவைப் புதைத்த மேடு கவ்ரிலா வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரியும். அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் ஆம்பளை வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது வாயைத் திறக்க விடவில்லை. வேலியடியில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நின்றவனைப் பக்கத்து வீட்டு மிஷ் பிடித்துக்கொண்டார். அந்தத் தெருவில் மிச்சமிருந்த ஒரே ஜெர்மன்காரர் அவர்.

"எங்க பாஷையில இந்த மண்ணுக்கு ஏழு கோட்டைன்னு பேர்டா. காடும் இல்ல, சண்டையும் இல்ல."

"நீ வேற, கிண்டல் பண்ணாத மிஷ்."

"கிண்டல் இல்லடா. எங்க ஆளுங்க மூட்டை கட்டிட்டு ஜெர்மனிக்குப் போனப்ப, போங்கன்னு இந்தத் தெருவுல ஒருத்தனும் சொல்லல. அப்படியும் போனவங்க போனவங்கதான். நீ வாயால வேற சொல்லித் தொலைச்சிருக்க."

கவ்ரிலா சிகரெட்டை மிதித்து அணைத்தான். வீட்டுக்குள் போனால் பெட்டி திறந்து கிடந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹங்கேரியில், தெப்ரெட்சென் நகரத்தில் இருக்கும் தங்கை யோலான் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள் பிரோஷ்கா. எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை.

கிளம்புமுன் முற்றத்து அடுப்பில் ரொட்டி சுட்டாள். உருளைக்கிழங்கு பிசைந்து போட்ட பெரிய ரொட்டி. மேலெல்லாம் கரியாகும்வரை சுட்டு, சூடாக இருக்கும்போதே கட்டையால் அடித்துக் கரியை உதிர்க்க வேண்டும். சுடுவது அவள், அடிப்பது அவன். அன்றும் அவள் ரொட்டியை அவன் முன்னால் வைத்தாள். அவன் அடித்தான். கரி பறந்தது. 'போகாதே' என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சொல்லவில்லை, மடையன்.

"சாப்பிடு," என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் அந்த ரொட்டியில் கத்தி வைக்கவில்லை. அது தீர்ந்து, அதற்குள் அவளும் வராவிட்டால் என்ன செய்வது என்று பயம். கடையில் வாங்கிய பஞ்சு ரொட்டியை மென்று காலத்தை ஓட்டினான். போன் பண்ணினால் யோலான் எடுத்து, அக்கா குளிக்கிறாள் என்றாள். எப்போது பண்ணினாலும் அக்கா குளித்துக்கொண்டே இருந்தாள்.

தெருப்பனி சேறாகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கதவு திறந்தது. பெட்டியோடு பிரோஷ்கா நின்றாள். கவ்ரிலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் அவனைப் பார்க்கவில்லை, ரொட்டியைப் பார்த்தாள்.

"என்னய்யா இது? கல்லாக்கி வெச்சிருக்க?"

"தீந்துட்டா நீ வரமாட்டியோன்னு..."

"அறிவு கெட்டவனே." பெட்டி மேலேயே உட்கார்ந்து ஈரக் காலணி ஒன்றைக் கழற்றினாள். "யோலான் புருஷன் டெஜோ இருக்கானே, தினம் சாயங்காலம் கோப்பையைத் தூக்கிக்கிட்டு 'எங்க எர்தேய், எங்க எர்தேய்'னு ஒரே அழுகை. வாழ்க்கையில ஒரு தடவை இங்க வந்ததில்ல. அவன் வீட்டுக்கு வந்த ஒரு பொம்பள என்கிட்ட கேக்குறா, 'ஹங்கேரி பாஷை நல்லாப் பேசறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க'ன்னு! என்னை ருமேனியாக்காரின்னு நினைச்சிட்டா."

கவ்ரிலாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, இந்தத் தடவை அடக்கிக்கொண்டான்.

"பேர் வெச்சது எங்க ஆளுங்கதான், அதுல மாத்தமில்ல," என்றாள். "ஆனா அங்க நின்னுக்கிட்டு வெச்சிருக்கானுங்க. யோலான் ஜன்னல்லேர்ந்து பாத்தா வெட்டவெளி. நம்ம வீடு, கிணறு, அம்மா அப்பா படுத்திருக்கிற மேடு, எல்லாம் காட்டுக்கு அப்பால். எனக்கு அங்க தூக்கமே வரலய்யா."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து இன்னொரு காலணியின் நாடாவை அவிழ்த்தான். வீம்பு எந்தப் பக்கம் போயிற்றோ தெரியவில்லை.

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்படி?"

"உனக்குத் தெரியாதா?"

"உன் வாயால சொல்லு."

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "உன் ஊருக்குப் போன்னு..."

"அதான் வந்துட்டேனே," என்றாள் பிரோஷ்கா.