ஆடிக்கு ஒரு தாய்வீடு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்திருக்கிறவர்களும் உள்ளே தள்ளி வாருங்கள், எல்லோருக்கும் இடமிருக்கிறது. மாப்பிள்ளையைப் பார்க்காமல் காற்றைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட ஒருத்தியின் கதை இது. பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு அவள் பிழைத்தாளா என்று தெரியாமலே போய்விடும், சொல்லிவிட்டேன்.

அவள் பெயர் செல்லக்கனி. இராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையின் கிழக்குச் சுவரை ஒட்டிய சந்தில் வீடு. அப்பா சுயம்புலிங்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். புதுசு விற்பதும் உண்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதும் உண்டு. அம்மா சீனியம்மாள். ஒரே பிள்ளை. சின்ன வயதில் வந்த மூச்சு இளைப்பு இருபத்திரண்டு வயதிலும் விட்டபாடில்லை. மற்ற மாதங்களில் மாத்திரைக்குக் கட்டுப்படும். ஆடி பிறந்து மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கினால் போச்சு. மலை ஈரத்தோடு வருகிற அந்தக் காற்று வழியில் ஆலையின் பஞ்சுத் தூசியையும் அள்ளிக்கொண்டு வந்து சந்துக்குள் கொட்டும். கொடியில் காயப்போட்ட கறுப்புப் பாவாடை சாயங்காலத்துக்குள் நரைத்திருக்கும். செல்லக்கனி அந்த மாதம் முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் உறங்குவாள்.

1987-ல் வந்த ஆடி அவளை மதுரை வரைக்கும் கொண்டுபோய்விட்டது. அங்கே ஒரு பெரிய டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார், ஊசி போடச் சொன்னார். செல்லக்கனி திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள். வெளியே அப்பாவிடம் டாக்டர் பேசியது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

“இனிமே தள்ளிப் போடாதீங்க. நல்ல இடமாப் பாத்துப் பிள்ளையை அனுப்பி வச்சிருங்க. எல்லாம் சரியாப் போகும்.”

வயசுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கிற தகப்பனுக்கு ‘இடம்’ என்ற சொல் ஒரே பொருளில்தான் விளங்கும். சுயம்புலிங்கம் ஊருக்கு வந்து சேர்ந்ததும், பெரிய டாக்டரே கல்யாணம் பண்ணச் சொல்லிவிட்டார் என்று மனைவியிடம் சொன்னார். சீனியம்மாளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அவளுடைய அத்தை மகளுக்கு இருந்த வலிப்புகூடத் தாலி ஏறினதும் நின்றுபோனதாம். இதைச் சொல்ல மதுரைக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டாள்.

டாக்டர் சொன்ன இடம் எது என்று செல்லக்கனிக்குத் தெரியும். எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். கல்யாணமாகாத ஒரு பெண்ணை, காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக வேறு ஊரில் கொண்டுபோய் வைத்தார்கள் என்று அந்தச் சந்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்பா கடையை விட்டு வரமாட்டார். அம்மா வீட்டை விட்டு வரமாட்டாள். ஆனால் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஊர் மாற்றுவது மாதத்துக்கு நாலு நடக்கிறது. டாக்டர் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர அப்பா நினைத்த இடம்தான் வழி. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தரகர் சமுத்திரம் முதலில் கொண்டுவந்தது செங்கோட்டை மாப்பிள்ளை. தபால் ஆபீசில் உத்தியோகம். சீனியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. செல்லக்கனி மட்டும், அங்கே மூன்று மாதம் சாரல் அடிக்குமே, நான் எப்படி இருப்பேன் என்றாள். அடுத்தவர் இராஜபாளையத்திலேயே பேண்டேஜ் துணி நெய்கிற கூடம் வைத்திருந்தார். வீடும் கூடமும் ஒரே கூரை. அதுவும் வேண்டாம் என்றாள். பிறகு கான்சாபுரத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர். அவர் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் வயல், விடிந்து வெகுநேரம் வரைக்கும் பனி மூடியிருக்கும் என்று கேள்விப்பட்டு அதையும் தள்ளிவிட்டாள்.

“ஏட்டி, மாப்பிள்ளையைப் பத்திக் கேட்டா மழையைப் பத்திச் சொல்லுத. ஒனக்கு என்னதான் வேணும்?” என்று சீனியம்மாள் ஏசினாள்.

சமுத்திரம் குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். “அண்ணாச்சி, ஒங்க பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்க நான் தோதுப்பட மாட்டேன். ரேடியோவுல வானிலை அறிக்கை வாசிக்காவுள்ளா, அவியளைப் போய்ப் பாருங்க.”

அப்படிக் கோபித்துக்கொண்டு போனவர்தான் மாசி மாதம் திரும்பி வந்து திருவில்லிபுத்தூர் வைகுண்டராஜைச் சொன்னார். பாத்திரக் கடை வைத்திருப்பவர். வயது முப்பத்து மூன்று, முன்தலை ஏறியிருந்தது. தகப்பன் இல்லை, தாய் சண்முகத்தாய் மட்டும். ஊருக்குக் கிழக்கே சிவகாசி போகிற ரோட்டில், கரிசல் காட்டைப் பார்த்த வீடு.

பெண் பார்க்க வந்தார்கள். மறைக்க வேண்டியதை மறைத்துப் பேச வேண்டும் என்று சீனியம்மாள் மகளுக்கு ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். செல்லக்கனி காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தே கேட்டாள்.

“ஆடி மாசம் ஒங்க வீட்ல எந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைப்பிய?”

சமுத்திரம் கண்ணை மூடிக்கொண்டார். வைகுண்டராஜ் கேட்ட கேள்விக்கு நேர்மையாக யோசித்தார்.

“சாத்துறதில்லை. காத்து வரும், புழுதி வரும். ஈரம் வராது.”

“எனக்கு இளைப்பு உண்டு. ஆடியில கூடும். மாத்திரை போடுதேன்.”

சீனியம்மாள் மகளின் கையைக் கிள்ளியது எல்லோருக்கும் தெரிந்தது. சண்முகத்தாய் காப்பியைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“மறைச்சுக் குடுத்தா அது குத்தம். சொல்லிக் குடுத்தா வெறும் நோய்தான். நோய் இல்லாத வீடு எங்க இருக்கு?”

“எனக்கு மறைக்கக் கொள்ள ஒண்ணுமில்லை, தலையைப் பாத்தாலே தெரியும்” என்றார் வைகுண்டராஜ். செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

வைகாசியில் கல்யாணம். திருவில்லிபுத்தூர் வீடு மாப்பிள்ளை சொன்னபடியே இருந்தது. துடைக்கத் துடைக்கப் புழுதி, உச்சி வெயிலில் தரை கொதிக்கும், கிணற்றுத் தண்ணீரில் உப்பு. வறண்ட காற்று. பதினோரு கிலோமீட்டரில் என்ன பெரிய வித்தியாசம், அதே மலைதானே என்று கேட்டவர்கள் உண்டு. மலை அதேதான். ஆலைச் சுவர் கிடையாது, ஈரம் அவ்வளவு தூரம் எட்டாது. மாத்திரை பாதியாகக் குறைந்தது.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவள் ஒன்றை மறந்துவிட்டாள். அவள் மட்டுமல்ல, எல்லோருமே மறந்துவிட்டார்கள். ஆனி கடைசியில் சுயம்புலிங்கம் பழத்தட்டோடும் புதுச் சேலையோடும் வந்து இறங்கினபோதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. தலை ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறார்.

எந்த மாதத்துக்குத் தப்பிக் கல்யாணம் பண்ணிக்கொண்டாளோ, அதே மாதம் அதே சந்துக்குப் போக வேண்டும். போகாமல் இருக்க முடியுமா என்று மாமியாரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். ஆடியில் புருசன் பெண்சாதி ஒரு வீட்டில் இருந்து சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சண்முகத்தாய் சொன்னாள். ஒரு மாதந்தானே, பல்லைக் கடித்துக்கொள் என்றாள். அவளுக்கு இளைப்பு எப்படி இருக்கும் என்று தெரியாது. செல்லக்கனி அங்கே வந்த நாளிலிருந்து பெரிதாக ஒன்றும் வரவில்லையே.

செல்லக்கனி போனாள். ஆடி பிறந்து ஒரு வாரம் முடியுமுன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். முகத்தில் ஆக்சிஜன் முகமூடி, கையில் ஊசி, உதடு நாவல்பழம் தின்ற மாதிரி. விடியற்காலை தொடங்கி மதியம் வரைக்கும் நம்பிக்கையாக ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் இளைப்பு கொஞ்சம் தணிந்தது.

சுயம்புலிங்கம் அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய் நின்றார். மதுரை டாக்டர் சொன்னபடி கல்யாணமும் பண்ணி வைத்தேனே, பிறகும் ஏன் நிற்கவில்லை என்று கேட்டார். இவருக்கு முதலில் விளங்கவில்லை. விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், மதுரை டாக்டர் கல்யாண இடத்தைச் சொல்லியிருக்க மாட்டார், குடியிருக்கிற இடத்தை மாற்றச் சொல்லியிருப்பார் என்றார். அந்தச் சந்துக்கே பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோனால் அடுத்த தடவை என் கையில் இல்லை என்றும் சொன்னார். சுயம்புலிங்கம் திரும்பி மகளைப் பார்த்தார். மகள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகவல் கிடைத்து வைகுண்டராஜும் சண்முகத்தாயும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றி நின்று நாலு பேரும் பேசினார்கள். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார் வைகுண்டராஜ். ஆடியில் ஒரு வீட்டில் கூடாது என்றாள் அவர் தாய். அப்படியானால் நான் கடையில் படுத்துக்கொள்கிறேன் என்றார் அவர். புதுப்பொண்டாட்டி சண்டை போட்டு வெளியே தள்ளிவிட்டாள் என்று தெரு பேசும் என்றாள் அவள். தலை ஆடிக்கு மகளை வைத்துப் பார்க்க வக்கில்லாதவள் என்று என்னைப் பேச மாட்டார்களா என்று சீனியம்மாள் அழுதாள். யாருக்கும் செல்லக்கனி மேல் பிரியம் குறைவில்லை. பேச்சு மட்டும் சுற்றிச் சுற்றி வந்து அந்தச் சந்து வாசலிலேயே நின்றது.

செல்லக்கனி முகமூடியை ஒரு கையால் விலக்கினாள். ஒரு மூச்சுக்கு மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லை.

“அம்மா வீடுன்னா… அம்மா இருக்கிற வீடு.” மறுபடியும் முகமூடியை வைத்து இழுத்துக்கொண்டாள். “சந்து இல்லை. நீ அங்க வா.”

சீனியம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேறு ஊரில் அடுப்புப் பற்றவைத்தவள் இல்லை. மருமகனின் ஊரில் போய்க் குடியிருப்பதா என்று ஒரு கூச்சம், வீட்டை யார் பார்ப்பது என்று ஒரு கவலை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் சொன்னது வேறு.

“ஆடியில குடி போகக் கூடாதே.”

இதுவரைக்கும் சாஸ்திரம் பேசிக்கொண்டிருந்த சண்முகத்தாய் கட்டிலில் கிடந்தவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சம்பந்தியின் பக்கம் திரும்பினாள்.

“குடி போனாத்தான மயினி குத்தம்? நீங்க எங்க ஊருக்குத் தேர் பாக்க வாறிய. வந்த எடத்துல கொஞ்ச நாள் தங்குதிய. யாரு கேக்கப் போறா?”

ஆடிப்பூரத் தேருக்கு ஒவ்வொரு வீட்டிலும் உறவுக்காரர்கள் நிறைந்திருக்கிற சமயம். வைகுண்டராஜ் ஒரு அறைக்காக ஊரெல்லாம் அலைந்தார். கடைசியில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் கிருபாபாய் டீச்சர் வீட்டில் முன்னறை கிடைத்தது. அவர்கள் கிறிஸ்தவர்கள், தேருக்கு விருந்தாள் கிடையாது, ஆடியில் குடி வரலாமா என்ற கேள்வியும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் விட்டதும் சீனியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தாள். ஆனால் விளக்குமாறு, உப்பு, மஞ்சள் ஒன்றும் கொண்டுவரவில்லை. முதல் நாள் அடுப்பும் மூட்டவில்லை. மூட்டினால் குடி போனதாகிவிடும். இட்லி வாங்கிவரச் சொல்லித் தின்றார்கள். சாயங்காலம் டீச்சர் டீ கொண்டுவந்து கொடுத்தார். சீனியம்மாள் வாங்கிக்கொண்டு யோசித்தாள்.

“இந்தப் பாலை எங்க காய்ச்சினிய?”

“எங்க அடுப்புலதான்.”

“அப்ப சரி” என்று குடித்தாள்.

வைகுண்டராஜும் ஆடி முறையை மீறவில்லை. தினமும் கடை சாத்தியதும் சைக்கிளில் வருவார். வாசல்படி ஏற மாட்டார். தெருவில் நின்று ஜன்னல் வழியாக மாத்திரையைக் கொடுத்து, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார். தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கல்யாணம் முடிந்து காதல் பண்ணுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். அவர் காது சிவந்து சைக்கிளைத் தவறான பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

சீனியம்மாளுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. தண்ணீர் உப்பு, பருப்பு வேக மாட்டேன் என்கிறது, தலையெல்லாம் புழுதி என்று தினமும் ஒரு குறை. தேர் ஓடி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஒரு மத்தியானம் செல்லக்கனி தரையில் ஒருக்களித்து உறங்கிக்கொண்டிருந்தாள். வெளியே காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சீனியம்மாள் மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இத்தனை வருட ஆடியில் அந்தக் கைக்குத் தெரிந்தது ஒரு இரைச்சல், தண்ணீர் கொதிக்கிற பானையைத் தொட்ட மாதிரி. இப்போது ஒன்றுமில்லை. முதுகு ஏறியது, இறங்கியது. பழக்கமில்லாததால் பயந்து போய் இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் எடுத்துக்கொண்டு, வேகாத பருப்பை மறுபடி அடுப்பில் ஏற்றப் போனாள்.

நோய் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். மார்கழியில் செல்லக்கனிக்கு இன்னும் இளைப்பு வந்தது. மாத்திரை போட்டால் அடங்கியது. தலை ஆடிக்கு மட்டுந்தான் அழைப்பு. அடுத்த ஆடிக்கு அவள் எங்கும் போக வேண்டியதில்லை. அப்படியும் சீனியம்மாள் ஒவ்வொரு ஆடிக்கும் வந்து அதே முன்னறையில் இருந்துவிட்டுப் போனாள். கேட்டால் தேர் பார்க்க வந்தேன் என்பாள். பேரப்பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போன தொண்ணூற்றைந்து வரைக்கும் அது நடந்தது. சுயம்புலிங்கம் மட்டும் இராஜபாளையத்தை விட்டு நகரவில்லை. எனக்கு இந்தக் காத்துத்தான் ஒத்துக்குது என்றார். அதுவும் உண்மைதான். அவரவர் நெஞ்சு, அவரவர் ஊர்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பெரியவர் முதல் தொட்டில் பிள்ளை வரை, ஒருவர் மூச்சும் ஒருநாளும் முட்டாமல் இருக்கட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் அணையாமல், உங்கள் குடி நல்ல காற்றில் தழைத்து நிற்கட்டும்.