அலமாரிக்குள் அடித்த பலகை

மணியை அழுத்திவிட்டுத் தவநாயகி கைபேசியில் கமராவைத் திறந்து வைத்துக்கொண்டாள். கதவு திறந்ததும் நேரே சமையல் குசினிக்குப் போய், வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலர் இருக்கும் அலமாரியைத் திறந்து, உள்ளே வாடகைக்கு இருக்கும் முகுந்த் அடித்து வைத்திருக்கும் பலகையைப் படம் எடுத்துவிட வேண்டும். பேச்சு வளர்க்கக் கூடாது. மோர்டனில் ரெயில் ஏறியதிலிருந்து இதையே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு லைனின் கடைசி ஸ்டேஷனிலிருந்து இன்னொரு லைனின் கடைசி ஸ்டேஷன்வரை, வால்தம்ஸ்டோ வந்து சேருமட்டும், அவளுடைய கோபம் ஆறாமல் இருந்தது. குளிர் பல்லைக் கிட்டவைத்தது. தெருவில் நின்ற கார்களின் கண்ணாடியெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

யாரும் கதவைத் திறக்கவில்லை. திரும்பவும் அழுத்தினாள்.

அவளும் கணவர் சபாரத்தினமும் லண்டனில் முதன்முதலாக வாங்கிய வீடு அது. இரண்டு பேரும் ஆபீஸ் கந்தோர்கள் துப்புரவாக்கிச் சேர்த்த காசில் வாங்கியது. பிள்ளைகள் வளர்ந்து, குடும்பம் மோர்டனுக்குப் போனபிறகு அதை வாடகைக்கு விட்டார்கள். வாடகைக்காரருடன் பேசுவது, ஆள் பிடித்துத் திருத்த வேலை செய்விப்பது எல்லாம் தவநாயகியின் பொறுப்பு. தான் நல்ல வீட்டுக்காரி என்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. இப்போது இருப்பவர்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். முகுந்துக்கு ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. அவன் மனைவி பிரீத்தா வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மஹதி என்று ஒரு சின்னப் பிள்ளை, இப்போதுதான் நர்சரிக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. தீபாவளிக்கு முறுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிற, வாடகையைப் பிந்தவிடாத மனிதர்கள். ஒரேயொரு தடவை மட்டும், "வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க ஆன்ட்டி" என்று முகுந்த் மரியாதையாகச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. என்ரை வீட்டுக்கு நான் சொல்லிப்போட்டோ வர வேணும்?

பிரச்சினை பொயிலரில் தொடங்கியது. இலையுதிர்காலம் முடிகிற நேரம் அது அடிக்கடி நின்றுபோக, பதிவு செய்த காஸ் எஞ்சினியரைக் கூப்பிடச் சொல்லி முகுந்த் கேட்டான். தவநாயகி கூப்பிட்டது றஜீவனை. ஒன்றுவிட்ட தமையனின் மகன். குளியலறை கட்டுவான், பைப் பூட்டுவான், எந்த வேலைக்கும் மாட்டேன் என்று சொல்லாத பிள்ளை. காஸ் வேலைக்கு வேண்டிய லைசென்ஸ் மட்டும் அவனிடம் இல்லை. அவன் வந்து மூடியைக் கழற்றி எதையோ துடைத்துத் திரும்பப் பூட்டிவிட்டுப் போனான். வீடு சூடானது. கொஞ்ச நாளில் சுவரில் கறுப்பாக ஏதோ படிகிறது என்று பிரீத்தா சொன்னபோது, தவநாயகி மறுபடியும் அவனைத்தான் கேட்டாள். அவங்கள் உள்ளுக்குப் பலகை அடிச்சிருக்கிறாங்கள் மாமி, அந்த அதிர்விலை ஏதும் விலகியிருக்கும் என்றான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்காரர் வைத்தது பழுதானால் வீட்டுக்காரர் திருத்த வேண்டும். குடியிருப்பவர் உடைத்தால் குடியிருப்பவர் திருத்த வேண்டும். இதில் என்ன நியாயக் குறைவு?

நேற்று முன்தினம் பிரீத்தா திரும்பவும் தவநாயகிக்குப் போன் எடுத்தாள். "வீட்ல இருந்தா எல்லாருக்கும் தலைவலி ஆன்ட்டி. வெளிய போனா சரியாயிடுது" என்றாள். தவநாயகி பலகையைப் பற்றிச் சொன்னாள். பலகை அடித்தது தாங்கள்தான் என்று பிரீத்தா ஒத்துக்கொண்டாள். பிறகு, "சரிங்க ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாள்.

இப்போது அந்த வாசலில் நின்றுகொண்டு தபால் துவாரத்தைத் தள்ளிப் பார்த்தபோது, நடையில் பிரீத்தாவின் சப்பாத்து கிடப்பது தெரிந்தது. குசினிப் பக்கமிருந்து யாரோ வெள்ளைக்காரன் கூட்டத்தில் பேசுகிற குரல் வந்தது. கம்ப்யூட்டரில் நடக்கிற கூட்டம். அவன் பிரீத்தாவின் பெயரைச் சொல்லி, கேட்கிறதா, கேட்கிறதா என்றான். பதில் இல்லை. தவநாயகி கைப்பையிலிருந்த தன்னுடைய சாவியை எடுத்தாள்.

பிரீத்தா குசினித் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. தவநாயகிக்கு முதலில் வந்த எண்ணம், இந்தப் பிள்ளை ஏன் இந்தக் குளிர் ஓட்டில் படுத்திருக்கிறது என்பதுதான். பிறகுதான் குனிந்தாள். கூப்பிட்டாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை பாரமாக அந்தப் பக்கம் சரிந்தது. வீட்டுக்குள் ஒரு மணமும் இல்லை, புகையும் இல்லை. அலமாரிக்குள் பொயிலர் மட்டும் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. வீட்ல இருந்தா தலைவலி, வெளிய போனா சரியாயிடுது. நேற்று முன்தினம் காதில் விழுந்த வசனத்தின் அர்த்தம் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது: பொயிலரிலிருந்து வருகிற நச்சுக்காற்று.

அக்குளுக்குள் கைகொடுத்து இழுத்தாள். அவளுடைய முதுகுக்கு ஆகாத வேலை. எப்படி நடையைத் தாண்டினாள், எப்படி வாசற்படியில் இறக்கினாள் என்று பிறகு எவர் கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் எடுத்தபோது வாயில் வந்தது மோர்டன் வீட்டு விலாசம். வீதியையும் போஸ்ட்கோடையும் முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான், இல்லை, இல்லை, அது நான் இருக்கிற வீடு என்று கத்தினாள்.

வெளிக்காற்று பட்டதும் பிரீத்தா ஓங்காளித்தாள். உதடுகள் அசைந்தன. தவநாயகி குனிந்து காதை வைத்தாள்.

"மஹதி... மாடில..."

நர்சரிக்குப் போயிருக்கும் என்றுதான் அவள் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள். காய்ச்சலுக்கு வீட்டில் நிற்பாட்டியிருக்கிறார்கள் என்று யார் கண்டது? உள்ளே திரும்பப் போக வேண்டாம், ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று கைபேசியில் ஆம்புலன்ஸ் பிரிவுப் பெண் இறுக்கமாகச் சொன்னாள். தவநாயகி கைபேசியைப் பிரீத்தாவின் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

அவளுடைய சொந்தப் பிள்ளைகள் ஏறி இறங்கிய படிகள்தான். அன்றைக்கு அவை முடியவே இல்லை. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். குழந்தை கட்டிலில் குப்புறக் கிடந்தது. தூக்கியபோது கையும் காலும் ஈரத்துணிபோலத் தொங்கின. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. பார்த்து, இல்லையென்றால், அந்தப் படிகளை இறங்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. கீழே வரும்போது தலை சுற்றிச் சுவர் சாய்வதுபோல இருந்தது. வெளியே வந்து மதிலோரம் குந்தினாள். குழந்தை அவளுடைய தோளில் வெதுவெதுப்பாக வாந்தி எடுத்தது. அதற்குப் பிறகுதான் மெல்லியதாக, பூனைக்குட்டிபோல, அழத் தொடங்கியது.

ஆம்புலன்ஸ் வந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து எல்லா ஜன்னல்களையும் திறந்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒக்சிஜன் பூட்டி ஏற்றியபோது, அவளையும் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஏன் நின்றாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. காஸ் அவசரப் பிரிவிலிருந்து வந்த இளைஞன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு அலமாரியைத் திறந்தபோது அவளும் பின்னால் போய் நின்றாள். அவள் காட்ட வந்த பலகை அங்கே இருந்தது. அதன்மேல் சலவைத் தூள் பெட்டி. பலகையின் திருகாணிகளைத்தான் முதலில் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான். அது பக்கத்துச் சுவரில் நிற்கிறது, பொயிலரோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை என்றான். பிறகு டார்ச் அடித்து, முன்மூடி சரியாகப் பொருந்தாமல் நிற்பதையும், உள்ளே காற்றுப் புகாமல் அடைக்கிற பட்டி கிழிந்து மடிந்திருப்பதையும், புகைக்குழாய் மூட்டிலிருந்து கழன்று நிற்பதையும் காட்டினான். கழற்றியவன் திரும்பப் பூட்டத் தெரியாமல் பூட்டியிருக்கிறான் என்றான். கார்பன் மொனொக்சைட் என்கிற, மணமில்லாத அந்த நச்சுக்காற்றுக்கான அலாரம் எங்கே என்றும் கேட்டான். மாடியில் நெருப்புக்கு அலாரம் இருக்கிறது, அதுவே எல்லாவற்றுக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கடைசியாக இதைத் திறந்து வேலை செய்தது யார் என்று கேட்டான்.

கணவரைக் கேட்க வேண்டும் என்று அவளுடைய வாய் சொன்னது.

அவன் காஸை அடைத்து, பொயிலரில் எச்சரிக்கைத் தாளை ஒட்டினான். விசாரிக்க ஆட்கள் வருவார்கள் என்றான். தவநாயகி வாசலுக்கு வந்து சபாரத்தினத்துக்குப் போன் எடுத்தாள். அவர் முழுவதையும் கேட்டார். தாயும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்களா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு குரல் தாழ்ந்தது.

"நீர் ஒண்டும் கதைக்காதையும். பலகை அடிச்சது தாங்களெண்டு அவங்களே ஒத்துக்கொண்டவங்கள்தானே. அது அப்பிடியே இருக்கட்டும். றஜீவன்ரை பேரை எடுக்கவே கூடாது, விளங்குதோ? அவனும் பிள்ளைகுட்டிக்காரன்."

ஓம் என்றாள். ஓம் என்றுதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய இரத்தத்தையும் எடுத்துச் சோதித்து, பெரிய பாதிப்பு இல்லை என்றார்கள். பிரீத்தாவையும் குழந்தையையும் ஒரே அறையில் வைத்திருந்தார்கள். இரவு வைத்துப் பார்க்க வேண்டும், ஆனால் பயப்பட வேண்டாம், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னார். கதவுக் கண்ணாடியூடாகப் பிரீத்தா தெரிந்தாள். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும். அவை தவநாயகியைக் கண்டன. அவற்றில் கோபம் இல்லை. களைத்துப்போய், ஒரு பெரிய மனுசியைப் பார்க்கிற பார்வையாக அது இருந்தது. தவநாயகி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

முகுந்த் கழுத்தில் கந்தோர் அட்டை தொங்க ஓடி வந்தான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கதிரையில் இருந்த தவநாயகியின் முன்னால் அப்படியே குனிந்தான். காலைத் தொடப் போகிறான் என்று விளங்கியதும் அவள் கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் இன்னைக்கு வரலைன்னா..." என்றான். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான்தான் ஆன்ட்டி எல்லாத்துக்கும் காரணம். லீவு நாள்ல சும்மா இருக்காம டிரில் பண்ணி அந்த ஷெல்ஃப அடிச்சேன். நீங்க சொன்னப்பக்கூட, இவங்க செலவ நம்ம தலையில கட்டப் பாக்குறாங்கன்னு ப்ரீத்தாகிட்ட சொன்னேன். என் கையாலயே, ஆன்ட்டி... என் குழந்தைய..."

அவன் தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறத்தியாருடைய கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒரு பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பிள்ளை தானாகவே எல்லாவற்றையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டுவிட்டது. விசாரணைக்காரர் எதையாவது கண்டுபிடிக்கட்டும், அது வேறு. அதுவரைக்கும் இவன் ஒவ்வொரு இரவும் இந்தக் கைகளை இப்படித்தான் பார்க்கப்போகிறான். கண்டுபிடித்த பிறகும் பார்ப்பான். மனிதருக்கு ஒருக்கால் உள்ளே போனது வெளியே வராது.

கைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. சபாரத்தினமாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை.

"தம்பி, இஞ்சை பாரும். உம்மடை பலகையிலை ஒரு பிழையும் இல்லை."

அவன் நிமிர்ந்தான்.

"அது பொயிலரிலை முட்டக்கூட இல்லையாம். காஸ்காரன் எனக்கு முன்னாலை சொன்னவன். மூடியைக் கழட்டினவன் சரியாப் பூட்டேல்லை."

"யாரு? ரஜீவன் அண்ணனா? அவரு... நீங்க அனுப்பின எஞ்சினியர்தானே?"

"எஞ்சினியர் இல்லை. அவனுக்கு அந்த வேலைக்கு லைசென்ஸ் இல்லை." குரல் தன்னுடையதுபோலவே இல்லை அவளுக்கு. "தெரிஞ்சுதான் அனுப்பினனான்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவன் அவளுடைய முகத்தையே பார்த்தபடி மெல்ல எழுந்தான். கண்ணாடியூடாக உள்ளே பார்த்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கட்டிலின் தலைமாட்டில், ஜன்னலின் கீழ், வெள்ளை நிறத்தில் ஹீட்டர் ஒன்று சுவரோடு சுவராக நின்றது.

முகுந்த் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். பிரீத்தா ஏதோ கேட்டாள். அவன் அந்த ஹீட்டரின் முன்னால் முழந்தாளில் இருந்தான். உள்ளங்கையை அதன்மேல் வைத்தான், எடுத்தான், திரும்பவும் வைத்தான். பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், மணமே இல்லாத அந்தக் காற்றை, அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அங்குலம் அங்குலமாக மோந்து பார்க்கத் தொடங்கினான்.